ஓய்வுபெற்ற படைவீரர் பாடசாலை மைதானத்துக்கு வரும்போது: மலையகத்தில் கடெட் பயிற்றுநராக விரும்புவோருக்கு

22 ஆண்டுச் சேவையை முடித்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பும் சிப்பாய்க்கு வயது நாற்பதைத்தான் தாண்டியிருக்கும். உடம்பில் தெம்பு இருக்கும், குரலில் பலம் இருக்கும். ஆனால் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அவருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் முச்சக்கரவண்டி ஓட்டுவது, இல்லையென்றால் கொழும்பில் ஏதாவதொரு கட்டடத்துக்குக் காவலாளி. அதே ஊரில், அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு தமிழ்ப் பாடசாலை இருக்கும். விளையாட்டுப் போட்டி அணிவகுப்புக்குப் பழக்க ஆளில்லாமல் அங்கே ஒரு கணித ஆசிரியர் திண்டாடிக்கொண்டிருப்பார். இந்த இரண்டு பேரும் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எதிலிருந்து வந்தவராக இருந்தாலும், படைப் பிரிவின் பேண்டில் வாசித்தவராக இருந்தாலும், இது உங்களுக்குப் பொருந்தும்.

உங்கள் இடம் எது

இணையத்தில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சிலர் அங்கே உள்ள கடெட் பயிற்றுநர் வேலை இங்கேயும் இருக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே உயர்நிலைப் பாடசாலைகளில் கடெட் திட்டம், அதாவது மாணவருக்குப் படைப் பாணியில் அணிநடையும் ஒழுங்கும் பழக்கும் திட்டம், 1916ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. 1964இல் வந்த இன்னொரு சட்டம், சேவையிலிருந்த பயிற்றுநர்களில் பெரும்பாலானோருக்குப் பதிலாக ஓய்வுபெற்றவர்களைக் கொண்டுவந்தது. அவர்களைப் பாடசாலையே வேலைக்கு எடுக்கிறது. சம்பளத்தில் ஒரு பங்கைப் படை திருப்பிக் கொடுக்கிறது. முழுநேர வேலை, முழுச் சம்பளம்.

இலங்கையில் ஏற்பாடு வேறு. 1881இல் கொழும்பு ரோயல் கல்லூரியில் அதிபர் ஜோன் கல் தொடங்கிவைத்த கடெட் மரபு, இன்று தேசிய மாணவர் படையணியாக 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பாடசாலை அணிக்குப் பொறுப்பான அதிகாரி அந்தப் பாடசாலையின் ஆசிரியர். பயிற்சி பெற்று, அதிகாரப் பதவி பெற்று, அணியை நடத்துபவர் அவர்தான். அவருக்குத் துணையாகப் படையணியின் நிரந்தரப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேவையில் இருக்கும் படையினர். ஓய்வுபெற்ற நீங்கள் நேராகப் போய் அமரக்கூடிய நாற்காலி இந்த அமைப்பில் இல்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது புரியாமல் போய் அதிபரிடம் பதவி கேட்டவர்கள் மனக்கசப்போடுதான் திரும்பியிருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஆசிரியரின் பக்கத்தில் இடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பிரித்தானியப் பாடசாலைகளில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. அணியின் அதிகாரிகள் ஆசிரியர்களாக இருப்பார்கள். களஞ்சியம், பயிற்சி ஒழுங்கு, அணிநடை ஆகியவற்றைப் பாடசாலை நியமிக்கும் ஒருவர் பார்ப்பார். அவர் பெரும்பாலும் சார்ஜன்ட் தரத்தில் ஓய்வுபெற்றவராக இருப்பார். நம் நாட்டில் பாடசாலை பேண்டுக்கோ கிரிக்கெட்டுக்கோ வெளியிலிருந்து பயிற்றுநர் வருவது எல்லோருக்கும் பழகிய விஷயம். நீங்களும் அந்த வழியில் வாருங்கள்: அதிபரின் அனுமதியோடு, பொறுப்பாசிரியரின் கீழ், அணிநடையும் உடற்பயிற்சியும் முதலுதவியும் பழக்கும் வெளிவாரிப் பயிற்றுநராக.

பாடசாலை வாசலுக்குப் போகும் முன்

ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். சேவையிலிருந்து விலகிய சான்றிதழ், அதில் நடத்தை பற்றிய குறிப்பு, கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், பொலிஸ் நற்சான்றிதழ், அண்மையில் எடுத்த மருத்துவச் சான்று, முதலுதவி அல்லது உடற்பயிற்சிப் பாடநெறிச் சான்றிதழ்கள் இருந்தால் அவையும். யாரும் கேட்கும் முன்பே பொலிஸ் நற்சான்றிதழை நீங்களாகவே கொடுங்கள். பிள்ளைகளோடு பழக வருபவர் தன் பின்னணியைத் தானே திறந்து காட்டுவது முறை.

அதிபரைச் சந்திக்க முன்கூட்டியே நேரம் கேளுங்கள். காலைக் கூட்ட நேரத்திலோ தவணைப் பரீட்சைக் காலத்திலோ போக வேண்டாம். போகும்போது ஒரே ஒரு பக்கத்தில் எழுதிய திட்டம் கையில் இருக்கட்டும்: வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன பழக்கப் போகிறீர்கள், பாடசாலையிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள். சேவைக் கதைகளை முதல் சந்திப்பில் சொல்லாதீர்கள். பொறுப்பாசிரியரை அதிபர் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினால், அவர் உங்களைவிட இருபது வயது இளையவராக இருந்தாலும் 'சேர்' அல்லது 'மிஸ்' என்றே பேசுங்கள். மாணவர் முன்னால் அந்த மரியாதை ஒருநாளும் குறையக் கூடாது.

அதிபர் சரி என்றால் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஒன்று, நீங்கள் யார், எந்த நாட்களில் வருகிறீர்கள் என்ற அனுமதிக் கடிதம். அதை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் தெரியப்படுத்தும்படி அதிபரிடமே சொல்லுங்கள். இரண்டு, கொடுப்பனவு ஏதும் உண்டென்றால் அது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானமாகப் பதிவாகட்டும். பெற்றோரிடமிருந்து கையில் பணம் வாங்கவே வேண்டாம், பத்து ரூபாயாக இருந்தாலும்.

பாடசாலையில் இன்னும் கடெட் அணி இல்லையென்றால், அதைத் தொடங்கித் தரும்படி படையணியிடம் கேட்க வேண்டியவர் அதிபர். உங்கள் பழைய ரெஜிமென்ட்டில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் குறுக்கு வழி தேட வேண்டாம். அனுமதி வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். அணிநடை, உடற்பயிற்சி, முதலுதவி மூன்றும் கடெட் அணி இல்லாத பாடசாலைக்கும் தேவையானவைதான். பொறுப்பேற்க முன்வரும் ஓர் ஆசிரியரைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அந்த ஆசிரியர் கிடைத்துவிட்டால் பாதி அணி அமைந்த மாதிரி.

பெற்றோரிடம் பேசுவது

மலையகத்தில் இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் எதுவும் நடக்காது. சீருடை என்றாலே பயப்படும் பெரியவர்கள் நம் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கிறார்கள். 1983 ஜூலையைக் கண்டவர்கள், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடியவர்கள். அவர்களிடம் போய் "அதெல்லாம் பழைய கதை அக்கா" என்று சொல்வது மரியாதையில்லை.

அவர்கள் கேட்கப் போகும் கேள்வி ஒன்றுதான்: "எங்க புள்ளைய ஆமிக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்களா?" நேராகப் பதில் சொல்லுங்கள். கடெட்டில் சேர்வது இராணுவத்தில் சேர்வது ஆகாது. பிள்ளை விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விலகலாம். பாடசாலையை விட்டுப் போன பிறகு எந்தக் கடமையும் கிடையாது. இதைப் பெற்றோர் கூட்டத்தில் பொறுப்பாசிரியர் சொல்ல, நீங்கள் பக்கத்தில் நின்று கேள்விகளுக்குப் பதில் கொடுங்கள்.

கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள். அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போட்டாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து யாரும் இறங்கி வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பூசைக்கும் சந்தைக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம் பாருங்கள். பெண் பிள்ளைகளின் தாய்மாரைத் தனியாகச் சந்திக்க ஓர் ஆசிரியை கூட இருக்கட்டும். மைதானத்தில் எப்போதும் ஓர் ஆசிரியை நிற்பார், இருட்டும் முன் பிள்ளை வீடு வந்து சேரும் என்ற இரண்டு உறுதிகளையும் கொடுத்தால் பெரும்பாலான தாய்மார் சம்மதிப்பார்கள். கொடுத்த பிறகு அந்த உறுதிகளை ஒரு நாள்கூட மீறக் கூடாது.

முதல் மாதம்

பழைய சீருடையோடு மைதானத்துக்கு வராதீர்கள். பதக்கங்களும் வேண்டாம். சுத்தமான டீ-ஷர்ட், காற்சட்டை, தொப்பி, ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம் போதும்.

இளம் சிப்பாய்களைப் பழக்கிய அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். ஆனால் உங்கள் முன்னால் நிற்பது பதின்மூன்று வயதுப் பிள்ளை. இராணுவ அணிநடையில் எடுத்து வைக்கும் ஓர் அடி 30 அங்குலம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடி. அந்த நீளத்தை அந்தப் பிள்ளையிடம் கேட்டால் இடுப்பு ஆடும், வரிசை கலையும். வேகத்தை வைத்துக்கொண்டு அடியின் நீளத்தைக் குறையுங்கள். அணியிலேயே குட்டையான பிள்ளையை நடக்கவிட்டு, அவளுக்கு இயல்பாக வரும் அடியை அளந்து, அதையே எல்லோருக்கும் வையுங்கள்.

ஒவ்வொரு அசைவையும் மூன்று கட்டமாகக் கொடுங்கள்: முதலில் பேசாமல் செய்து காட்டுவது, பிறகு துண்டு துண்டாக எண் சொல்லிச் செய்ய வைப்பது, கடைசியில் முழுக் கட்டளை. முதல் நாளிலேயே 'லெப்ட் டேர்ன்', 'ரைட் டேர்ன்', 'அபௌட் டேர்ன்' எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டாம். 'அட்டென்ஷன்', 'ஸ்டாண்ட் அட் ஈஸ்' இரண்டும் நன்றாக வந்தால் முதல் நாள் வெற்றி. கட்டளை, படையணி பயன்படுத்தும் வடிவத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஏன் அப்படி நிற்கிறோம், கை ஏன் மூடியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழிலேயே விளக்குங்கள்.

இப்போது மிக முக்கியமானது. இந்தப் பிள்ளைகளின் தாய்மார் தினமும் காலையில் தோட்டத்தில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் வரிசையில் நிற்பவர்கள். பெயர் கூப்பிட்டு, மலை பிரித்துக் கொடுத்து, நேற்றுக் கொழுந்து குறைந்ததற்குப் பத்துப் பேர் முன்னால் ஏச்சு வாங்குவதைப் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். உங்கள் அணிவகுப்பு அவர்களுக்கு இன்னொரு பிரட்டாகத் தெரிந்துவிட்டால், உடம்பு மட்டும்தான் வரிசையில் நிற்கும். அதனால் கட்டளையில் குரலை உயர்த்துங்கள், திருத்தத்தில் தாழ்த்துங்கள். தவறு செய்த பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்லாமல் பக்கத்தில் போய் நின்று சரிசெய்யுங்கள். எல்லாப் பெயர்களையும் இரண்டாம் வாரத்துக்குள் மனப்பாடம் செய்யுங்கள். "ஏய், மூணாவது ஆள்" என்று ஒருநாளும் கூப்பிட வேண்டாம். வரிசையில் நிமிர்ந்து நிற்பது தனக்குக் கிடைத்த மதிப்பு என்று அந்தப் பிள்ளை உணர வேண்டும். தோட்டத்தில் அந்த உணர்வு எளிதில் கிடைப்பதில்லை. அதைக் கொடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருப்பார்கள். தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு மூன்று மைல் இறங்கி வந்த பிள்ளை, பத்து நிமிடம் அசையாமல் நின்றால் மயங்கி விழும். தொடங்கும் முன் யார் சாப்பிடவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். ஒரு பெட்டி பிஸ்கட்டோ அவித்த கடலையோ எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நிற்கும்போது முழங்காலை இறுக்கிப் பூட்டாமல், சப்பாத்துக்குள் கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கப் பழக்குங்கள். தலை சுற்றினால் கை உயர்த்திவிட்டு உட்காருவது தோல்வியில்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கை ஓங்கவே கூடாது

படைமுகாமில் நடந்த தண்டனைகளை இங்கே கொண்டுவர வேண்டாம். பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை தடை செய்கிறது. மாணவன் ஒருவனின் காதில் அறைந்து கேட்கும் திறனைப் பாதித்த ஆசிரியர், தன் சொந்தப் பணத்திலிருந்து 150,000 ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அடி மட்டும்தான் தண்டனை என்றில்லை. வெயிலில் முழங்காலில் நிறுத்துவது, கல்லில் தவழ வைப்பது, களைத்து விழும்வரை ஓட வைப்பது எல்லாமே துன்புறுத்தல்தான்.

இன்னொரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடெட் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 33 பயிற்றுநர்கள் மீது மாணவர் தொடர்பான பாலியல் குற்றச்சாட்டுகள் பதிவானதை நியூயோர்க் டைம்ஸ் 2022இல் வெளிக்கொண்டுவந்தது. பிள்ளைகள் பயிற்றுநரை அளவுக்கு மீறி நம்புவதும், பயிற்றுநர் மற்ற ஆசிரியர்களின் கண்பார்வைக்கு வெளியே தனியாக வேலை செய்வதும் சேரும் இடத்தில் ஆபத்து எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஆகவே எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். மாணவரோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் வேண்டாம். செய்திகள் பொறுப்பாசிரியரும் பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் போகட்டும். பெண் பிள்ளைகளின் சீருடையையோ கையையோ திருத்த வேண்டுமென்றால் வாயால் சொல்லுங்கள், அல்லது ஆசிரியை செய்யட்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், உங்களைப் பற்றி முறையிடவும் அதே இலக்கம்தான் என்பதையும் சேர்த்து.

மலைக்கு ஏற்ற பாடம்

அணிநடை அழகாக வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் மலையகத்துக் கடெட் அணிக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் செய்த அழிவு இன்னும் பச்சைப் புண். மலை சரியும்போது லயத்துக்கு முதலில் போய்ச் சேர்பவர் அந்த லயத்தில் இருப்பவர்தான். வீட்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற பிள்ளை இருந்தால் அந்த முதல் பத்து நிமிடம் வேறு மாதிரிப் போகும்.

மழைமானி செய்வதிலிருந்து தொடங்குங்கள். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் மேல் பகுதியை வெட்டி, அதைப் புனலாகத் தலைகீழாக உள்ளே வைத்து, அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் அந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கோடு போட்டு, அங்கிருந்து அடிமட்டத்தை ஒட்டினால் போதும். மரத்துக்கும் கூரைக்கும் தள்ளித் திறந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலிருந்தும் ஒரு கடெட் தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகளை அட்டையில் எழுதிக் கொடுங்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும்; 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும்; 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினால், வெளியேறியே ஆக வேண்டும்.

அடையாளங்களைக் கண்ணால் காட்டிப் பழக்குங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிதாக விழுந்த வெடிப்பு, சாய்ந்துவரும் மரமும் மின்கம்பமும், பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, புதிய இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, ஓடிக்கொண்டிருந்த ஊற்று சட்டென நிற்பது, கதவும் ஜன்னலும் இறுகுவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் யாரிடம் சொல்வது? தோட்ட அலுவலகம், கிராம உத்தியோகத்தர், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. அம்புலன்ஸுக்கு 1990. இந்த எண்களைத் தூக்கத்தில் கேட்டாலும் பிள்ளை சொல்ல வேண்டும்.

உங்கள் வரைபட அறிவு இங்கேதான் பொன்னாகிறது. ஒரு சனிக்கிழமை அணியைக் கூட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றி நடந்து, பெரிய தாளில் வரையச் சொல்லுங்கள்: லயங்கள், நடக்க முடியாத முதியவர் இருக்கும் காம்பராக்கள் (லய அறைகள்), குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, ஓடைகள், பாதுகாப்பான மேட்டு நிலம், கோயில் மண்டபம். பிறகு வெளியேறும் பாதையில் நேரம் பார்த்து நடந்து பாருங்கள், இருட்டில் டோர்ச்சோடும் ஒருமுறை பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு. நான் அறிந்த எல்லாக் கடெட் பயிற்சிகளிலும் தோட்டத்து ஆட்கள் தாங்களாகவே வந்து கலந்துகொண்டது இந்த ஒன்றில்தான்.

குளவியைப் பற்றியும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். கூடு கலைந்தால் கையை வீசி அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு வேகமாக விலக வேண்டும். தேயிலைச் செடிக்குள் குனிந்து ஒளிவது உதவாது. பல இடங்களில் கொட்டு வாங்கியவரையும், உதடு வீங்கினால் அல்லது மூச்சு இழுத்தால் ஒரே கொட்டு வாங்கியவரையும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மைதானத்தைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் நீங்களே ஒரு சுற்றுப் பாருங்கள்.

பயிற்சி நாட்களைப் பருவம் பார்த்து வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் விடாத மழை. பதுளை, பசறை, ஹப்புத்தளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில்தான் பெருமழை. மழை மாதங்களில் மண்டபத்துக்குள் முதலுதவியும் வரைபடமும், வறண்ட மாதங்களில் மைதானம். இடி கேட்டவுடனே மைதானத்தைக் காலி செய்ய வேண்டும்.

சப்பாத்தும் பணமும்

கறுப்புச் சப்பாத்து ஒரு சோடியின் விலை, தோட்டத்துக் குடும்பத்தில் சில நாள் சம்பளம். சப்பாத்து இல்லாததற்காக எந்தப் பிள்ளையையும் அணியிலிருந்து நிறுத்தாதீர்கள். கால் வளர்ந்து சிறிதான சப்பாத்துகளைத் திரும்பப் பெற்று, பொலிஷ் போட்டு, அடுத்த வருடப் பிள்ளைக்குக் கொடுக்க ஓர் அலுமாரி வையுங்கள். பழைய மாணவர் சங்கத்திடம் பணமாகக் கேட்பதைவிட, இந்த அளவில் இத்தனை சோடி என்று பட்டியலாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும்.

போட்டி, பரீட்சை, பொறுப்பை விடுவது

ரந்தம்பேயில் உள்ள படையணியின் பயிற்சி நிலையத்துக்குப் பிள்ளைகள் முகாமுக்குப் போகும்போது அழைத்துப் போகும் பொறுப்பு ஆசிரிய அதிகாரியுடையது. சுடுகலனோடு தொடர்புள்ள எந்தப் பயிற்சியையும் படையணியின் நிரந்தரப் பயிற்றுநர்களிடமே விட்டுவிடுங்கள். உங்கள் வேலை அதற்கு முந்தைய மாதங்களில் இருக்கிறது. முகாமில் மற்ற மொழிப் பிள்ளைகளோடு பழகத் தேவையான சிங்களத்தை இந்தப் பிள்ளைகளுக்கு இப்போதே பேசிப் பழக்குங்கள். உங்களுக்கு அது சேவைக் காலத்தில் வந்த வரம். மூத்த கடெட் அணிகள் போட்டியிடும் ஹேர்மன் லூஸ் கிண்ணத்தைப் பற்றிப் பிள்ளைகள் கனவு காணட்டும், நல்லதுதான். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளைக் கடைசித் தவணையில் பயிற்சிக்குக் கூப்பிடாதீர்கள். பிள்ளையே வருகிறேன் என்றாலும், "போய்ப் படி தம்பி" என்று அனுப்புங்கள். கடெட்டில் சேர்ந்ததால் படிப்புக் கெட்டது என்று லயத்தில் ஒரு பேச்சு எழுந்தால் அடுத்த வருடம் அணிக்கு ஆள் கிடைக்காது.

இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டளையைப் பிள்ளைகளிடம் கொடுக்கத் தொடங்குங்கள். மூத்த கடெட் ஒருவர் புதியவர்களுக்குப் பழக்க, நீங்கள் பத்து அடி தள்ளி நில்லுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் திகதி, வந்தோர் பெயர், பழக்கியது, காயம் ஏதும் ஏற்பட்டால் அது, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிப் பொறுப்பாசிரியரின் கையொப்பம் வாங்குங்கள். அந்த ஆசிரியருக்கு இடமாற்றம் வந்து புதியவர் வந்தால் அணி நின்றுபோகாமல் இருக்க அந்தக் கொப்பி வேண்டும். அதை உங்கள் வீட்டில் வைக்க வேண்டாம், பாடசாலை அலுவலகத்திலேயே இருக்கட்டும்.